தொப்பிக்காரர் புளூம்ஃபெல்டும் அவர் சம்சாரமும்

பழைய புகைப்படத்தில் தன் முகத்தைப் பார்த்ததும் ஒரெஸ்டுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் அல்ல, பசி.

மதியக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். மூரியல் பாக்ஸ்டர் பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் கடைக்குள் வந்து, கல்லா மேஜையில் இருந்த ஊறுகாய் ஜாடியை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்தார். மூரியல் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கனடாவின் வின்னிபெக் நகரில் எந்தப் பழைய கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் புல்டோசருக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். அவர் அப்படி முன்னால் நின்ற கட்டிடங்கள் எல்லாம் இப்போது கார் நிறுத்துமிடங்கள். ஆனாலும் அம்மையாரின் ஊக்கம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

“பாருங்க ஒரெஸ்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. நம்ம கிரெய்டன் தெரு, உங்க கடை வாசல். ஒரு வீட்டுல பழைய சாமான் வித்தாங்க, பெட்டிக்குள்ள கிடந்துச்சு. பின்னாடி வருஷம்கூடப் போட்டிருக்கு.”

வாசல் அவருடைய வாசல்தான். கதவுக்கு மேலே இரண்டு சிங்கத் தலைகள். அதற்கும் மேலே ‘புளூம்ஃபெல்ட் தொப்பிக் கம்பெனி’ என்று ஒரு பெரிய பலகை. வாசலில் தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல ஒரு பழங்காலக் கார். அதில் சாய்ந்தபடி நீளக் கோட்டும் தொப்பியும் மப்ளருமாக ஓர் இளைஞன். பக்கத்தில், கோட்டின் ரோமக் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெண்.

“இவர்தான் தொப்பிக்காரர் புளூம்ஃபெல்ட். இது அவர் சம்சாரம். அவர் பார்வையைப் பாருங்க. தெருவைத் தாண்டி இந்த ஊரோட எதிர்காலத்தையே பார்க்கிறார். அவங்க அவரை மட்டுமே பார்க்கிறாங்க. இந்தச் சிங்கம் ரெண்டும் போதும், உங்க கட்டிடத்தை எவனும் தொட முடியாது.”

அந்த இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்காலத்தை அல்ல, எதிர்வாடையில் நின்ற சூப் வண்டியை. ஒரெஸ்டுக்கு அது திட்டவட்டமாகத் தெரியும், ஏனென்றால் அந்த இளைஞன் அவர்தான். வருஷமும் இருபத்தாறு அல்ல, எண்பத்தாறு.

அந்த ஜனவரியில் சினிமாக்காரர்கள் வந்து கிரெய்டன் தெருவைச் சிகாகோ ஆக்கினார்கள். கொள்ளைக் கூட்டத்துப் படம், கதை நடப்பது இருபத்தாறில்; அங்கே எடுத்த புகைப்படங்களின் பின்னாலும் அந்த வருஷத்தையே எழுதிவைத்தார்கள். சிகாகோவில் எடுத்தால் செலவு அதிகம், வின்னிபெக்கில் எடுத்தால் பாதிதான். அதனாலேயே வின்னிபெக் எத்தனையோ படத்தில் நடித்தும் ஒரு தடவைகூடத் தன் சொந்த வேஷத்தில் வந்ததில்லை. சிகாகோவாக வரும், நியூயார்க்காக வரும், யாராவது கேட்டால் மாஸ்கோவாகவும் வந்துவிட்டுப் போகும். கூட்டத்தில் நிற்க உள்ளூர்ப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் காலையிலிருந்து நின்றவர்களில் ஒருவன் ஒரெஸ்ட். பக்கத்தில் நிறுத்தப்பட்டவள் ஹலீனா. படம் வந்தபோது அந்தக் காட்சியையே வெட்டி எறிந்திருந்தார்கள். கல்யாணம் மட்டும் மிஞ்சியது.

சிங்கங்களும் மிஞ்சின. தெர்மோகோலும் பிளாஸ்டரும் சேர்த்துச் செய்த அவற்றை எடுத்துப்போகச் சினிமாக்காரர்களுக்குச் சோம்பல், இறக்கிப்போட அப்போதைய கட்டிடக்காரருக்கும் சோம்பல். சில வருஷம் கழித்து ஒரெஸ்டும் ஹலீனாவும் அதே இடத்தை வாடகைக்குப் பிடித்து, பெரோகி என்ற உக்ரைன் கொழுக்கட்டையும் போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பும் விற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரெஸ்ட் ஏணி போட்டு ஏறி சிங்கங்களுக்குச் சாம்பல் வர்ணம் அடிப்பார். ஒரு தடவை இடது சிங்கத்தின் மூக்கு உதிர்ந்து நடைபாதையில் விழுந்தது. அவரே சுவர் ஓட்டை அடைக்கும் பட்டி வாங்கிப் பிசைந்து ஒட்டினார். அன்றிலிருந்து அந்தச் சிங்கத்துக்குப் பன்றிக் களை வந்துவிட்டது.

இப்போது கட்டிடத்தை வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போடப் போகிறார்கள். அறுபத்திரண்டு வயதில் ஒரெஸ்ட் வேறு எங்கே போய் அடுப்பு மூட்டுவார்? அந்தக் கவலையில் அவர் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் மூரியல்.

“சிங்கம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஒரெஸ்ட். அது பொய் இல்லை.

மூரியல் படத்தின் பிரதி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ஒரெஸ்ட் அதை ஊறுகாய் ஜாடிக்கு அடியில் தள்ளுவதற்குள் ஹலீனா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்றாள்.

“என்னத்தய்யா ஒளிக்கிற?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஏன் ஜாடியத் தூக்குற?” படத்தைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாள். “இது நானு.”

“மெதுவாப் பேசு.”

“ஏன் மெதுவாப் பேசணும்? இது நானு, இது நீ. நாம பார்த்துக்கிட்ட மொத நாளு. அன்னைக்கு எடுத்த படம் ஒண்ணாவது இருக்கான்னு எத்தனை பேர்கிட்டக் கேட்டோம்? அந்தம்மா எதுக்கு இதை வெச்சிருக்கு?”

ஒரெஸ்ட் சொன்னார். புளூம்ஃபெல்ட், தொப்பி, இருபத்தாறு, எல்லாம் சொன்னார். ஹலீனாவின் மாவுக் கை இடுப்புக்குப் போயிற்று. அது நல்ல அறிகுறி அல்ல.

“அப்ப என் மூஞ்சி எவளோ புளூம்ஃபெல்ட் பொண்டாட்டி மூஞ்சியா?”

“நகராட்சி விசாரணை முடியிற வரைக்கும்தான். பழைய கட்டிடத்தைக் காப்பாத்துற பாரம்பரியக் குழு நமக்கு ஓட்டுப் போட்டுட்டா கடை தப்பிச்சிரும். அது வரைக்கும் வாயைத் திறக்காம இரு. உன் கால்ல விழுறேன்.”

“விழு.”

“முட்டி வலிக்குது, ஹலீனா.”

ஊரில் கல்யாணச் செலவுக்குப் பணம் திரட்ட யார் பார்ட்டி வைத்தாலும், இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் இருவரும் தனித்தனியே ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ‘மைனஸ் முப்பத்தஞ்சு, ஆனா இவன் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கலை’ என்பாள் அவள். ‘இவதான் என்னையே பார்த்துக்கிட்டு நின்னா’ என்பார் அவர். சாட்சி இல்லாத வழக்கு அது. இப்போது சாட்சி கிடைத்திருக்கிறது, அதை ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைக்கச் சொல்கிறார். ஒரெஸ்டுக்கு உள்ளூர இன்னொரு குறுகுறுப்பும் இருந்தது. படத்தில் அவர் பார்வை சூப் மேல் இருந்தது, அவள் பார்வை அவர் மேல் இருந்தது. அவள் கண்ணாடி போட்டுப் பார்க்கும் நாளுக்காக ஒரு பக்கம் பயந்தார், ஒரு பக்கம் காத்திருந்தார்.

“சரி,” என்றாள் ஹலீனா. “கடைக்காக வாயை மூடிக்கிறேன். ஆனா இது நல்லாயில்ல, ஒரெஸ்ட்.”

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. குழுவில் ஏழு பேர். தலைவி லிகாயா மனாலோ, பிலிப்பைன்ஸிலிருந்து சின்ன வயதில் வந்து வின்னிபெக்கிலேயே வளர்ந்தவர். புதிய உறுப்பினர் டெஸ்மண்ட் லியாங் கட்டிடக் கலை படித்தவர், மேற்குக் கரை விக்டோரியாவிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. விக்டோரியாவில் பிப்ரவரியிலேயே பூப் பூக்கும். ஆகையால் மண்டபத்துக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

கட்டிடம் வாங்கியவர்களின் வக்கீல் முதலில் பேசினார். வெறும் செங்கல் கட்டிடம், பல தடவை இடித்துக் கட்டியது, பார்க்கவோ படிக்கவோ ஒன்றும் இல்லை என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு மூரியல் எழுந்தார். மண்டபத்துத் திரையில் அந்தப் படம் சுவர் அளவுக்கு விரிந்தது. சிங்கங்கள் கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தன. “மனிடோபாச் சுண்ணாம்புக்கல்,” என்றார் மூரியல். “உளி பட்ட தடம் தெரியுது பாருங்க.” ஒரெஸ்ட் கூரையைப் பார்த்தார். உறுப்பினர்களின் முகங்கள் மலர்ந்தன. ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வக்கீலின் முகம் சுருங்கியது.

அப்போதுதான் டெஸ்மண்ட் லியாங் கையை உயர்த்தினார்.

“காரோட மூக்குல ஏதோ தொங்குதே, அது என்ன?”

எல்லோரும் பார்த்தார்கள்.

“பிளக்கு,” என்றார் ஓர் உறுப்பினர்.

“பிளக்குதான்,” என்றார் இன்னொருவர்.

“அது ஏன் தொங்குது?”

லிகாயா மனாலோ அவர் பக்கம் பரிவோடு திரும்பினார். “நீங்க ஊருக்குப் புதுசு. இங்க குளிர்ல எஞ்சின் உறைஞ்சு போயிரும். அதனால ராத்திரியில வண்டியக் கரண்டுல செருகி வைப்போம். எல்லார் வண்டியிலயும் அப்படி ஒரு வயர் தொங்கும். என் வண்டியிலயும் தொங்குது.”

“என் வண்டியிலயும்,” என்றார் வக்கீல் தன்னை மறந்து.

“சரி,” என்றார் டெஸ்மண்ட். “இருபத்தாறுலயும் செருகினாங்களா?”

அந்த ஊரில் வளர்ந்த அத்தனை பேரும் அந்தப் படத்தை அதுவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மனிதனுக்கு மூக்கு இருப்பது போலக் காருக்கு வயர் இருந்தது, அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரெஸ்டே இப்போதுதான் கவனித்தார். சினிமாவுக்குக் காரை வாடகைக்குக் கொடுத்தவன் புண்ணியவான், வயரை உள்ளே தள்ள மறந்திருக்கிறான்.

மூரியலின் முகம் வெளுத்தது. ஆனால் இடித்த கட்டிடங்கள் அவருக்கு விட்டுக்கொடுக்காத குணத்தைக் கற்றுத் தந்திருந்தன. “அது குதிரைக் கயிறு,” என்றார். “வண்டி பனியில மாட்டிக்கிட்டா குதிரையக் கட்டி இழுப்பாங்க.”

மண்டபமே மூச்சுவிட்டது. ஆமாம், குதிரை. எல்லோருக்கும் ஒரு குதிரைக் கதை தெரிந்திருந்தது. டெஸ்மண்ட் மறுபடி உற்றுப் பார்த்து, “இருக்கலாம், படம் தெளிவா இல்ல,” என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வக்கீல் எதிர்த்துப் பேச வாயெடுத்தார், குதிரைக்கு எதிராக என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். ஆபத்து கடந்துவிட்டது என்று ஒரெஸ்டுக்குத் தெரிந்தது. இனி ஓட்டெடுப்புதான் பாக்கி.

“கடைசியா, கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும்,” என்றார் தலைவி. “ஒரெஸ்ட், இந்த புளூம்ஃபெல்ட் தம்பதியப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

ஒரெஸ்ட் எழுந்தார். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குள் மூரியல், நல்ல மனசோடுதான், இடையில் புகுந்தார்.

“பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அந்தம்மாவை இன்னைக்கு ஞாபகம் வெச்சிருக்க ஓர் ஆள் இல்ல. முகத்தைப் பாருங்க, அழகின்னு சொல்ல முடியாது. ஆனா பொறுமைசாலி. புருஷன் பின்னாடியே நின்னு, பேர்கூட இல்லாமப் போயிட்டாங்க.”

ஒரெஸ்ட் ஹலீனாவைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை ‘பொறுமைசாலி’ என்று யாரும் சொன்னதில்லை. ‘அழகியில்லை’ என்று சொல்லிவிட்டு யாரும் முழுசாக வீடு போனதும் இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். திரும்பத் திறந்து, திரும்ப மூடினாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஏச்சையும் பேச்சையும் தாங்கிப் பழகியவர் ஒரெஸ்ட், அந்த மௌனத்தைத் தாங்க அவரால் முடியவில்லை.

“அது என் பொண்டாட்டி,” என்றார்.

“யாரு?”

“அந்தப் படத்துல இருக்கிறது. இதோ உக்காந்திருக்கா பாருங்க, ஹலீனா. தொப்பிக்காரன் நான். எண்பத்தாறுல சினிமா எடுத்தாங்க. இது சிகாகோ. புளூம்ஃபெல்ட்னு ஒருத்தரும் கிடையாது. அது குதிரைக் கயிறும் இல்ல, பிளக்குதான். சிங்கம் தெர்மோகோலு. இடது பக்க மூக்கு மட்டும் நான் செஞ்சது.”

வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். மூரியல் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். தலைவி முன்னால் சாய்ந்தார்.

“எண்பத்தாறா? மைனஸ் முப்பத்தஞ்சுல எடுத்தாங்களே, அதுவா?”

“அதேதான், மேடம்.”

“எங்க அண்ணன் அதுல பொணமா நடிச்சான். மத்தியானம் வரைக்கும் பனியில கிடந்தான். எழுப்பினா எழுந்திரிக்க முடியல, நிஜமாவே செத்துட்டான்னு டைரக்டர் அழுதுட்டாரு.”

“என் மச்சினன் அதுல போலீஸ்,” என்றார் கண்ணாடி துடைத்தவர். “துப்பாக்கி கையோட ஒட்டிக்கிச்சு. வெந்நீர் ஊத்தித்தான் பிரிச்சாங்க.”

“தலைவி அவர்களே,” என்றார் வக்கீல். “சாட்சியமே பொய் என்று ஆகிவிட்டது.”

தலைவி சட்டென்று நிமிர்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார். அது உண்மைதான். ஒரெஸ்ட் உட்கார்ந்துவிட்டார். கடை போய்விட்டது, தன் வாயாலேயே போய்விட்டது.

“இப்ப நான் பேசலாமா?” என்றது ஒரு குரல். ஹலீனா எழுந்துவிட்டாள். அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை, நேராகத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படத்து முகமும் அவள் முகமும் அருகருகே இருந்தன. சந்தேகமே இல்லை, அதே மூக்கு.

“சிங்கம் பொய். தொப்பிக் கம்பெனி பொய். நாங்க ரெண்டு பேரும் பொய். ஒத்துக்கறோம். ஆனா எங்களுக்குப் பின்னாடி நிக்குதே, அதுக்கும் யாராவது வேஷம் போட்டாங்களா?” அவள் கை படத்திலிருந்த தெரு முழுவதையும் காட்டியது. “இது இரும்புக் கடை, எங்கப்பா இங்கதான் ஆணி வாங்குவாரு. இது தையல் கூடம், மூணு மாடியிலயும் மிஷின் ஓடும். இது தானியத் தரகருங்க ஆபீஸ். இது போலிஷ் பத்திரிகை அச்சடிச்ச இடம். குண்டு விழல, தீப்பிடிக்கல, வெள்ளம் வரல. இந்தப் படம் எடுத்தப்புறம்தான் அத்தனையும் போச்சு. இப்ப அங்கெல்லாம் என்ன இருக்கு? ஐயா வக்கீல், நீங்களே சொல்லுங்க. உங்க வண்டிய எங்க நிறுத்திட்டு வந்தீங்க?”

வக்கீல் கார் சாவியை மெதுவாகப் பைக்குள் போட்டார். தையல் கூடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

“சிகாகோக்காரன் இருபத்தாறாம் வருஷத்துச் சிகாகோவைத் தேடி இங்க வந்தான். ஏன் வந்தான்? அவன் ஊர்ல இடிச்சுட்டாங்க, நம்ம ஊர்ல நின்னுச்சு. இப்ப நம்ம ஊர்லயும் ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. அதையும் இடிச்சிட்டா, அடுத்த தடவை அவன் கார் நிறுத்துற இடத்தைப் பத்தித்தான் படம் எடுக்கணும்.”

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் சிங்கத்தையே பார்த்த கண்கள் முதல் தடவையாகப் பின்னால் போயின. தலைவி இரும்புக் கடையை அடையாளம் கண்டுகொண்டு, “எங்கம்மா பனி தள்ளுற மண்வெட்டி வாங்கினது இங்கதான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டெஸ்மண்ட் லியாங் ஜன்னல் வளைவுகளைப் பற்றி யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டு நான்குக்கு மூன்று. கட்டிடம் தப்பியது. டெஸ்மண்ட் ஆதரவாகக் கை தூக்கினார். கோட்டோடு கை தூக்கியதால் நேரமானது, அந்த நேரம் முழுவதும் ஒரெஸ்ட் மூச்சு விடவில்லை. தீர்மானத்தில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். சினிமா சிங்கங்களும் கட்டிடத்தின் வரலாற்றில் அடக்கம், ஆகவே அவற்றை அதே பொருளால் மட்டுமே பழுது பார்க்க வேண்டும். இனி ஒரெஸ்ட் ஆசைப்பட்டாலும் நிஜக் கல் சிங்கம் வைக்க முடியாது. தெர்மோகோலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. பன்றி மூக்குக்கும் சேர்த்துத்தான்.

வாசலில் மூரியல் ஹலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அழகின்னு சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“விடுங்க. மைனஸ் முப்பத்தஞ்சுல யாருதான் அழகு?” என்றாள் ஹலீனா. பிறகு, “பொறுமைசாலின்னதுதான் கொஞ்சம் அதிகம்,” என்றாள்.

மூரியல் தான் முதன்முதலாகக் காப்பாற்றிய கட்டிடத்துக்குப் பரிசாக, மண்டபத்தில் காட்டிய அளவிலேயே படத்தை அச்சடித்துக் கடைக்குக் கொண்டுவந்து மாட்டினார். கீழே புளூம்ஃபெல்டை அடித்துவிட்டு, ‘ஒரெஸ்ட், ஹலீனா, கிரெய்டன் தெரு, 1986’ என்று எழுதியிருந்தார். மதியக் கூட்டத்துக்கு முன்னால் ஹலீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரெஸ்ட் பக்கத்தில் வந்து நின்றார். தப்பிக்க வழியில்லை.

“நீ எங்கய்யா பார்க்குற?”

“எங்க?”

“படத்துல. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன், உன் கண்ணு எதிர்வாடைக்குப் போகுது.”

“சூப் வண்டி,” என்றார் ஒரெஸ்ட். “காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல, ஹலீனா.”

அவள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டாள். அவருக்குத் தைரியம் வந்தது. “ஆனா நீ என்னைத்தான் பார்க்குற. ஊரே பார்த்துச்சு. இதை மட்டும் நீ மறைக்க முடியாது.”

ஹலீனா படத்துக்கு இன்னும் பக்கத்தில் போய்த் தன் கண்ணையே பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“நான் உன் மப்ளரைப் பார்த்தேன்.”

“மப்ளரையா?”

“உங்கம்மா பின்னினது. ரெண்டு சுத்து சுத்தியிருந்தே. எனக்குக் கழுத்து விறைச்சுப் போச்சு. எப்படியாவது அதைப் பிடுங்கிரணும்னு பார்த்துக்கிட்டு நின்னேன்.”

ஒரெஸ்ட் படத்தைப் பார்த்தார். அவர் கண் சூப்பில், அவள் கண் மப்ளரில். எத்தனை பார்ட்டிகளில் எத்தனை பேரின் கண்ணை அந்தக் கதையால் கலங்க வைத்திருக்கிறார்கள்! அவருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, அவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆனா கொடுத்தேனில்ல?” என்றார் அவர், மூச்சு வாங்கி. “கேமரா நின்னதும் கழட்டிக் கொடுத்தேன்.”

“கொடுத்தே. நானும் என் சூப்பில பாதியக் கொடுத்தேன். உன்னுத நீ அதுக்குள்ள குடிச்சு முடிச்சிருந்தே.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். “அந்தப் பாதிய இன்னும் திருப்பித் தரல.”

வாசலில் முதல் வாடிக்கையாளர் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரெஸ்ட் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் சூப் ஊற்றி ஹலீனாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.